முப்பது கிலோமீட்டர்

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன்.

இரண்டு வருடம் பேசாமல் இருந்த பிறகு நீ எனக்கு அனுப்பியது அந்த ஓட்டப்பந்தய நோட்டீஸ் ஒன்றுதான். அதிலிருந்த எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினேன், தூரத்தைப் படிக்கவில்லை. நீ எப்போதும் ஓடும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றே கணக்குப் போட்டு, பத்து மணிக்கு முடிவுக்கோட்டில் போய் நின்றேன்.

தடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி, "இது முப்பதுதாம்மா. எல்லாரும் ஒன்பதுக்கே முடிச்சிட்டுப் போயாச்சு. நோட்டீஸப் படிக்கலயா?" என்றார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கால் மரத்துப்போகும்வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்த அன்று, உனக்கு ஓட்டம்தான் பெரிது என்று உன்னைப் பழித்ததும், எதையும் சரியாகப் பார்க்காமல் சொன்னதுதான்.

வந்து போ. கதவைத் திறக்க இப்போதெல்லாம் எனக்கு நேரமாகிறது, திரும்பிப் போய்விடாதே.

அம்மா