சிவப்புத் துணி கட்டிய வாணலியை உரியவரிடம் சேர்ப்பிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்
(பெயரும் முகவரியும் முந்தைய மூன்று மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்பு அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: பொழுதுபோக்குப் பூங்கா உணவுக்கூடத்தில் கோதுமை கலவாத உணவு கேட்ட குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பு – அதில் தொடர்பே இல்லாத சமையல்காரர் பணிநீக்கம் செய்யப்பட்டது – முடித்து வைக்கப்பட்ட மனுவை மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம். ("நடவடிக்கை எடுக்கப்பட்டது. மனுதாரர் திருப்தி தெரிவித்தார். மனு முடித்து வைக்கப்படுகிறது.")

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மனுவில் கோபம் இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கெஞ்சல் இருந்தது. மூன்றிலும் ஓர் உண்மையை நான் எழுதவில்லை. அதை இதில் ஐந்தாம் பத்தியில் எழுதியுள்ளேன். அதுவரையிலாவது பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. வீட்டில் சுண்டெலி என்று அழைக்கப்படும் என் மகளுக்கு வயது ஆறரை. நான்காம் வயதில் அவளுக்கு சீலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒரு துகள் உள்ளே போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து. "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று இதுவரை என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. பிறந்தநாள் விழாக்களில் மற்றக் குழந்தைகள் கேக் தின்னும்போது என் மகள் தன் டப்பாவைத் திறந்து அரிசிப்பொரி தின்பாள். கேட்டால், "எனக்குக் கேக் பிடிக்காது" என்று பொய் சொல்லவும் பழகிவிட்டாள்.

3. என் கணவரின் அக்காவான என் நாத்தனார், தம் குடும்பத்துடன் எங்களையும் சேர்த்து மேற்படி பூங்காவுக்கு மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்தார். நான் மூன்று நாளுக்கும் உணவு சமைத்து, அடுக்கி, மருத்துவச் சான்றையும் எடுத்துச் சென்றேன். வெளி உணவுக்கு அனுமதியில்லை. மருத்துவச் சான்று இருந்தால் உண்டு என்பது பூங்காவின் விதி. நுழைவாயில் காவலர் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எட்டு மாசத்துக்கு முந்தினது. ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்" என்றார். இது மாறாத நோய் என்றேன். "அப்போ மாறலைன்னு புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். பின்னால் நின்ற வரிசை உச்சுக் கொட்டியது. டப்பாக்கள் வாயிலிலேயே தங்கிவிட்டன. அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் விதிப்படிதான் நடந்தார்; இந்த விவகாரத்தில் விதிப்படி நடந்தவர்கள் அனைவரும் நலமாக இருக்கிறார்கள்.

4. உணவுக்கூடத்தில் கோதுமைக் கதிர்மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதை நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் வழியில்லாமல் பணிப்பெண்ணிடம் சொன்னேன். உள்ளிருந்து சமையல்காரர் ஒருவர், நெற்றிவரை இறங்கிய வெள்ளைத் தொப்பியுடன், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் எங்கு சாப்பிடப் போனாலும் ஏழு கேள்விகள் கேட்பது வழக்கம். மறக்காமலிருக்கக் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கைப்பேசியை எடுக்கும் முன்பே அவர், "எண்ணெய் தனி, கரண்டி தனி, வெட்டுற பலகை தனி, துடைக்கிற துணி தனி. வேற என்னம்மா, மாவு பறக்குற பக்கம் வைக்கக் கூடாது. சரிதானே?" என்றார். என் கேள்விகளை வேறொருவர் வாயால் கேட்டது அதுவே முதல் முறை.

அவர் உள்ளே தனியே மாட்டியிருந்த ஒரு வாணலியை எடுத்து வந்து காட்டினார். பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. இத்தகைய குழந்தைகளுக்கென்று தனிப் பாத்திரம் வேண்டுமென நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்ததாகவும், அது வராததால் தம் வீட்டிலிருந்து இதைக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். "கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. வாணலி வரும் வரும்னாங்க. அதுக்குள்ள பிள்ளைங்க வந்துடுதுங்களே, என்ன பண்றது?"

என் மகள் உணவுப் பட்டியலில் இருந்த படத்தைத் தன் விரலால் தொட்டு, "இதை நான் சாப்பிடலாமா?" என்று அவரிடமே கேட்டாள். "நீதான் சாப்பிடணும். உங்க அம்மா கேட்டாக்கூட நான் தரமாட்டேன்" என்றார் அவர். முட்டைப் பொரியலும் உருளைக்கிழங்கு வறுவலும் சோறும். கடைத் தட்டில், கடைக் கரண்டியால், அத்தை பிள்ளைகளோடு ஒரே மேசையில் அவள் உண்டது நோய் தெரிந்த பிறகு அன்றுதான். தட்டை வழித்துவிட்டு ஏப்பம் விட்டாள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. அன்று காலை, "ராட்டினம் வேண்டாம், தொப்பி மாமாகிட்ட போலாம்" என்று அவள் அடம்பிடித்ததை, ஒரு பூங்காவுக்கு வந்த குழந்தையின் நடத்தையாகத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

5. மூன்றாம் நாள் அவருக்கு வார விடுமுறை. வேறொரு சமையல்காரர் இருந்தார். மதிய நெரிசல். நான் கைப்பேசியை எடுத்து முதல் கேள்வியைத் தொடங்கினேன். நாத்தனார், "தாயே, இன்னைக்கு ஒரு நாள் உன் விசாரணைக் கமிஷனை ஒத்தி வை. முந்தாநாளும் நேத்தும் நல்லாத்தானே இருந்தா? நாங்களும் மனுஷங்கதான், பசிக்குது" என்றார். என் கணவர் தட்டு எடுக்க வரிசைக்குப் போனார். அதுவும் ஒரு பக்கம் சேருவதுதான். தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் அடுப்பின்மேல் வாணலி தெரிந்தது. பிடியில் சிவப்புத் துணி இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டேன்.

மூன்று மனுக்களிலும் நான் எழுதாமல் விட்டது இதுதான். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சமையல்காரர் உண்மையைச் சொல்லியிருப்பார். மறைக்க அவருக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அவருக்கு அந்தத் துணி எதற்கென்றே தெரியாது. சற்றுமுன் அதே வாணலியில் ரொட்டித்தூள் தோய்த்த கோழியைப் பொரித்துவிட்டு, காகிதத்தால் துடைத்து, என் மகளுக்கு முட்டை ஊற்றியிருக்கிறார். மற்ற வாணலிகள் கழுவும் தொட்டியில் இருந்தனவாம். இது சுத்தமாகத் தனியே இருந்ததாம். தனியே இருந்ததே அதற்கு வினையாயிற்று.

6. ஒன்றரை மணி நேரம் கழித்து, படகுச் சவாரி வரிசையில், என் மகள் வாந்தி எடுத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். நான்கு நாள் மருத்துவமனை. அறிக்கைகள் முதல் மனுவுடன் உள்ளன. முதல் நாள், சலைன் ஏறிக்கொண்டிருக்கையில் அவள் என்னிடம் சொன்னது எந்த மனுவிலும் இல்லை: "அம்மா, தொப்பி மாமாகிட்ட சொல்லிடாத. அவர் பாவம், அழுவாரு."

நான் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை; தங்களிடம் சொன்னேன்.

7. தங்கள் அலுவலகப் புகார்ப் படிவத்தில் "பாதிப்பை ஏற்படுத்திய பொருள் அல்லது பாத்திரம்" என்று ஒரு கட்டம் உண்டு. படித்தவள் என்ற நினைப்பில், துல்லியமாக எழுதினால் துல்லியமாக நடவடிக்கை எடுப்பார்கள் என்று நம்பி, "சிவப்புத் துணி கட்டிய வாணலி" என்று எழுதினேன். ஆய்வுக்கு வந்தவர்கள் அதைத்தான் தேடினார்கள், அதைத்தான் கண்டெடுத்தார்கள். பொது எண்ணெயைப் பார்க்கவில்லை. மாவு பிசையும் மேசையைப் பார்க்கவில்லை. வாணலி நிர்வாகத்தின் இருப்புப் பட்டியலில் இல்லை என்பது தெரிந்தது. யாருடையது என்று கேட்டார்கள். அவர் "என்னுடையது" என்றார். அனுமதியற்ற பாத்திரத்தைச் சமையலறையில் வைத்திருந்த குற்றத்துக்காக அன்றே வேலையை விட்டு நீக்கப்பட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் எடுத்துப் பொருத்தியது என் கையெழுத்து.

8. இது எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தெரியும். என் மகள் வரைந்த படம் ஒன்றைத் தொப்பி மாமாவிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று தனியாகப் போயிருந்தேன். கோதுமைக் கதிர்ப் பலகை இருந்த இடத்தில் "உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் உண்ணவும்" என்று புதுப் பலகை இருந்தது. பாத்திரம் கழுவும் அம்மையார் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, "நீங்கதானா அந்த வாணலி அம்மா?" என்றார். நடந்ததையெல்லாம் அவர்தான் சொன்னார். கடைசியாகச் சொன்னது: "போகும்போது ஒருத்தரையும் திட்டலைம்மா அவரு. அந்தப் புள்ள எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டாரு. எங்களுக்கு என்ன தெரியும்? தெரியலியேன்னோம். சரின்னு பையை எடுத்துக்கிட்டுப் போய்ட்டாரு." எங்கே போனார் என்று அந்த அம்மையாருக்கும் தெரியவில்லை.

9. மனுதாரர் திருப்தி தெரிவித்ததாகத் தங்கள் கடிதம் கூறுகிறது. அது நிகழ்ந்த விதம் வருமாறு: இரத்தப் பரிசோதனைக்காக என் மகளின் கையை நான் இறுக்கிப் பிடித்திருந்தபோது தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "நடவடிக்கை எடுத்தாச்சும்மா. திருப்திதானே?" என்றார்கள். அவள் அலறிக்கொண்டிருந்தாள். நான் "சரிங்க" என்றேன். என்ன நடவடிக்கை என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இது இரண்டாம் முறை.

10. இரண்டாவது, மூன்றாவது மனுக்களுக்கு முதல் கடிதமே தேதி மாற்றி வந்தது. நேரில் வந்தேன். எழுத்தர் மரியாதையாகவே பேசினார், நாற்காலியும் கொடுத்தார். "முடிஞ்ச மனுவைத் திறக்க விதி இல்லைம்மா. வேணும்னா புதுசா ஒரு புகார் எழுதிக் கொடுங்க, புதுசா யார் மேலயாவது நடவடிக்கை எடுப்போம்" என்றார். எடுப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைப் பார்த்தவள் இன்னொரு கிணறு வெட்டமாட்டாள். எழுந்து வரும்போது அவருக்குப் பின்னால் அலமாரியின்மேல் அந்த வாணலியைப் பார்த்தேன். சிவப்புத் துணியின்மேல் என் மனு எண் எழுதிய சீட்டுக் கட்டியிருந்தது. உள்ளே ரப்பர் முத்திரைகளும் ஒரு குண்டூசி டப்பாவும் இருந்தன. குண்டூசி டப்பாவின் மூடி திறந்திருந்தது.

11. தற்போதைய நிலை: என் மகளின் எடை பதினாறு கிலோவிலிருந்து பதினான்கரை ஆகி, இப்போது பதினைந்தில் நிற்கிறது. பள்ளிக்குப் போகிறாள். எங்கள் வீட்டுக்குள் கோதுமை வந்தே இரண்டரை ஆண்டாகிறது, ஆனாலும் ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்ததும், "கையைக் கழுவினியா? கரண்டி எது? துணி எது?" என்று என்னிடம் கேட்கிறாள். ஏழு கேள்விகளும் அவளுக்கு மனப்பாடம். நான் ஏழுக்கும் பதில் சொன்ன பிறகும், சோற்றை விரலால் விலக்கி அடியில் பார்க்கிறாள். அவளை நம்பச் செய்தவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றி அவள் கேட்கும்போது, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

12. ஆகவே தங்களை வேண்டுவது:

(அ) மேற்படி சமையல்காரர் மீது தவறில்லை என்றும், அறியாமல் தவறு செய்தவர் வேறொருவர் என்றும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவள் மனுதாரரே என்றும் கோப்பில் பதிய வேண்டும்.

(ஆ) அவரை மீண்டும் வேலையில் சேர்க்க நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் சேர்க்கமாட்டார்கள் என்பதை அறிவேன். இருந்தாலும் எழுத வேண்டும்.

(இ) அவரிடம் தாங்கள் வாக்குமூலம் வாங்கியபோது முகவரியும் வாங்கியிருப்பீர்கள். முத்திரைகளையும் குண்டூசிகளையும் வேறொன்றில் மாற்றிவிட்டு, வாணலியை அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் இப்போது எங்கே சமைத்தாலும், அங்கேயும் பிள்ளைகள் வருவார்கள்.

(ஈ) அவர் கேட்டுச் சென்ற கேள்விக்குப் பதினோராம் பத்தியின் முதல் இரண்டு வரிகளைப் பதிலாகத் தெரிவிக்க வேண்டும். மீதி வரிகள் வேண்டாம்.

13. இவற்றுள் எதுவும் நடக்கும் என்ற எண்ணத்தில் இதை எழுதவில்லை. வீடு அடங்கிய பிறகு வேறென்ன செய்வதென்று தெரியாததால் எழுதுகிறேன். இம்மனுவும் வழக்கம்போல முடித்து வைக்கப்படும். அப்படி முடிக்கும்போது, "மனுதாரர் திருப்தி தெரிவித்தார்" என்ற வரியை மட்டும் இம்முறை விட்டுவிடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு விதி எதுவும் குறுக்கே வராது என்று நம்புகிறேன்.

இடம்: வீடு
நாள்: 19.11.2024

தங்கள் கோப்பில் ஏற்கெனவே திருப்தியடைந்துவிட்ட,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு:
1. தங்கள் அலுவலகக் கடிதங்கள், மூன்று நகல்கள்.
2. மருத்துவச் சான்று. (புதியது, நோய் மாறவில்லை என்பதற்கு.)
3. குழந்தை வரைந்த படம் ஒன்று: தொப்பி, வாணலி, சிவப்புத் துணி. இதைக் கோப்பில் கோக்க வேண்டாம். வாணலியோடு போகட்டும்.