இருநூற்று எண்பத்தேழாம் படிவம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் வலி வழக்கம்போல, உன் அண்ணன் இப்போதுதான் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறான், இந்த அளவுக்கு இங்கே நலம். நீ கணினியே கதியென்று கிடக்காமல் நேரத்துக்குத் தூங்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பார்த்தால், உன் பழைய ஆராய்ச்சி நிலைய இயக்குநர், இப்போது சுகாதார ஆலோசகராம், கையில் பழப்பையோடு. நான்கு வருஷத்துக்கு முன் நீ வீடு வீடாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு படிவம் நிரப்பி, காமாலை வந்தவர்கள் எல்லோரும் சந்தைத் தெருக் குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள், அதில் சாக்கடை கலக்கிறது, உடனே மூடுங்கள் என்று அறிக்கை கொடுத்தாயே, நகராட்சியைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய அதே மனுஷன். நாம் வீட்டில் காய்ச்சித்தான் குடித்தோம், சந்தைத் தெருப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் களைத்தவள் குழாயில்தானே குடிப்பாள். இரண்டு மாதத்தில் உன் அண்ணி அதே காமாலையில் ஏழு மாதக் கர்ப்பத்தோடு போய்விட்டாள். நீ கணக்கையே ஜோடித்தாய் என்று சொல்லி அவர் உன்னை ஊரைவிட்டே துரத்தினார். இப்போது நகராட்சிக்கு வந்த புது அதிகாரி தோண்டிப் பார்த்ததில், உன் வரைபடத்தில் நீ சிவப்பு வட்டம் போட்ட அதே இடத்தில் குழாய் உடைந்திருக்கிறது, விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். அதனால்தான் பழம்.

"உங்க பொண்ணு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்மா, அறிக்கை என் கைக்கு லேட்டாத்தான் வந்துச்சுன்னு" என்றார். நான் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு உன் படிவக் கட்டின் நகலை எடுத்து வந்தேன். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இருநூத்தி எண்பத்தேழை நீங்களே கொஞ்சம் படிங்க" என்றேன். கண்ணாடி என் மடியில்தான் இருந்தது. படித்தார். வயது இருபத்தாறு, ஆசிரியை, கர்ப்பம் ஏழு மாதம், குடித்தது பள்ளிக்கூடக் குழாய். அறிக்கை கொடுத்த பிறகு நீ கடைசியாக எழுதிச் சேர்த்தது. குரல் இறங்கிக்கொண்டே போனது, நிறுத்தினார். "கடைசி வரியையும் படிச்சிடுங்க" என்றேன். முடிவு, மரணம். ஆய்வாளருக்கு உறவு, அண்ணி. உன் அண்ணன் சமையலறை வாசலில் நின்று முழுதும் கேட்டான். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். பழத்தைப் பின்னாலேயே காரில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நானே குழுவின் அலுவலகத்துக்குப் போய், அவர் அலுவலக முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் உள்ள அறிக்கை நகலைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையே அவரைச் சுகாதார ஆலோசகர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள், அடுத்து வழக்காம். இதற்கெல்லாம் சந்தோஷப்படக்கூடாது என்கிறான் உன் அண்ணன். நான் படுகிறேன். நன்றாகவே படுகிறேன்.

உன் தொழிலும் உடம்பும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும், நீ போகிற ஊரிலெல்லாம் நல்ல தண்ணீர் ஓடட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற வாரம் குழு உன்னைத் தொலைபேசியில் கூப்பிடும், அதற்குள் அவரும் உனக்கு எழுதுவார், வயதாகிவிட்டது, பேரக்குழந்தை இருக்கிறது என்று. நீ தேதியை மட்டும் சொல். அவருக்காகப் பாவம் பார்க்காதே. பாவம் பார்க்க, அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்த பதினான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே நமக்கு ஆயுசு போதாது.

இப்படிக்கு,
உன் அம்மா