உன் படையலுக்கு மடு மீன் இல்லை

ஓடையில் புதுத்தண்ணீர் இறங்கிவிட்டது. சேற்று வாசனை வீட்டு வாசல் வரை வருகிறது. இந்த வாசனை வந்தால் நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மடுவுக்குக் கிளம்பிவிடுவாய். இந்த வருஷம் நான் போனேன், நாத்தனாரே.

வெளியாட்கள் அந்த மடுவில் வெடித் தோட்டா போட்டு, சினையும் குஞ்சுமாக மீன் செத்து மிதந்ததை நாம் இருவரும்தான் முதலில் பார்த்தோம். அப்புறம் அதிகாரிகள் வந்து, ஓடைப் பக்கமே யாரும் வரக்கூடாது என்று பலகை நட்டார்கள். நீதான் எதிரே போய் நின்றாய்.

"மடுவ நாங்க பாத்துக்கறோங்க. மீனு முட்டை வுட்டு குஞ்சு எறங்கற வரைக்கும் ஒருத்தரும் வலை போட மாட்டோம். கீழ ஓடையில மட்டும் எங்கள புடிக்க வுடுங்க."

ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் அன்று உன்மேல் பெருமைதான்.

அடுத்த மழைக்கு என் மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பால் சுரக்க வேண்டுமே என்று உன் அண்ணன் மடுவில் வலை போட்டார். ஊர் பார்க்க அதைப் பிடுங்கினாய். "அண்ணனா இருந்தா இன்னா? போய் கீழ புடி" என்றாய். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அன்றோடு உன் வீட்டில் கை நனைப்பதை விட்டேன்.

இப்போது நீ போய்விட்டாய். உன் கருமாதிக்கு முந்தின நாள் உன் மகன் வலையோடு மடுவுக்கு வந்தான்.

"அத்தை, அம்மாவுக்கு இந்த மடு கெண்டைன்னா உசுரு. படையலுக்கு ரெண்டே ரெண்டு."

"கீழ போய் புடி."

"கீழ கலங்கிக்கினு ஓடுது, ஒண்ணும் ஆப்படல. செத்தவங்க மேல இன்னுமா கோவம்?"

"கோவந்தான். அது எனக்கும் உங்கம்மாவுக்கும். நீ வலைய குடு."

அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். இவனை விட்டால் நாமும் இறங்கலாம் என்ற நினைப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. நான் நீட்டிய கையை மடக்கவில்லை. முறைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். மற்றவர்கள் கலைந்தார்கள்.

படையலுக்கு நான்தான் சமைத்தேன். இலையில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உனக்குக் கருவாடு ஆகாது. தெரிந்தேதான் வைத்தேன்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நீ கொடுத்த வாக்கு இப்போது என் தலைமேல் இருக்கிறது. குஞ்சு கீழே இறங்கும் வரை, எவர் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் அந்தத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.