நெல்லுக்கு வெளியே, அரிசிக்கு உள்ளே

அக்கா,

நேற்று மகள் வீட்டில் ஒரு கோணி அரிசி வந்து இறங்கியது. பேத்திக்குக் காது குத்துகிறார்கள். கோணியின் மேல் கறுப்பு மையில் எழுத்து இருந்தது. வண்டிக்காரர் அதை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் நான் குனிந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான். மடிந்திருந்த இடத்தைக் கையால் நீவிவிட்டு நீவிவிட்டுப் படித்தேன். புழுங்கல்.

"இன்னா நைனா, கோணியத் தடவிக்கினு கீற?" என்றாள் மகள்.

"படிக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை வருஷம் இந்த அரிசியைத் தின்றிருக்கிறேன், அதன் பெயரை நானே படித்தது நேற்றுதான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கோணியின் வாயைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. அவித்துக் காயவைத்த நெல்லின் வாசனை, அரிசியான பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

நீ போன செய்தி எனக்கு ஒரு கார்டில் வந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அது ஒரு நாள் முழுக்க என் கூரையில் செருகிக் கிடந்தது. மறுநாள் ஒருவரைப் பிடித்துப் படிக்கச் சொன்னபோது, உன் மகன் இருக்கிற பெருநகர் ஊரில் உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் நடக்கிற சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வாத்தியாருக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். "யாருக்காவது மடல் எழுதிப் பழகுங்க பெரியவரே" என்றார். உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதினால் பிழை கண்டுபிடிப்பார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தாலும் நான்தான் படித்துக்காட்ட வேண்டியிருக்கும், உனக்கும் கைநாட்டுதானே. இதுவரை எழுதியதற்கே எனக்கு மூன்று சாயங்காலம் ஆகியிருக்கிறது.

மில்லை நினைத்துக்கொண்டேன். உத்திரமேரூருக்கு வெளியே, ரோட்டோரம், தகரக் கூரை போட்ட அந்த ரைஸ் மில். சேரியிலிருந்து நாம் பன்னிரண்டு பேர் அங்கே களத்து வேலைக்குப் போனோம். அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, காலால் கிண்டிவிட்டு, காய்ந்ததும் கூடையில் அள்ளி வாசற்படி வரைக்கும் தூக்கிக்கொண்டு போவோம். அதற்கு மேல் போகக்கூடாது. மேஸ்திரியும் இன்னொரு ஆளும் உள்ளே நின்று கூடையை வாங்கிக்கொள்வார்கள். மெஷின் உள்ளே, அரிசி உள்ளே, நிழலும் உள்ளே.

அதற்கு அவர்கள் சொன்ன காரணம் உனக்கு நினைவிருக்கும். நெல்லுக்கு மேல் உமி இருக்கிறது, நாம் தொட்டாலும் மிதித்தாலும் ஒன்றுமில்லை. உமி போன பிறகு அரிசியைத் தொட்டால் தீட்டு. நீ அதைக் கேட்டுவிட்டு, "ஆண்டவரு நெல்லுக்குச் சொக்கா போட்டு அனுப்பனதே நம்மகிட்டருந்து காப்பாத்தத்தான் போலக்கீது" என்றாய். நீ வேதத்துக்குப் போனவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போவாய். நான் மாரியம்மனை விடாதவன். அந்த வாசற்படி நம் இரண்டு பேரையும் ஒரே இடத்தில்தான் நிறுத்தியது.

ஆனால் பதம் பார்ப்பதற்கு மட்டும் நான் வேண்டியிருந்தது. களத்தின் நடுவிலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பேன். சட்டென்று இரண்டாகப் பிளந்தால் பதம். மசிந்தால் ஈரம் இருக்கிறது. பொடிந்தால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது. பதம் தப்பினால் மெஷினில் அரிசி நொய்யாக உடையும். நான் தலையாட்டாமல் ஒரு கூடை உள்ளே போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. "ஒன் பல்லுக்கு இருக்கிற மருவாத ஒனக்கு இல்லியேடா தம்பி" என்று நீ கேலி செய்வாய்.

அந்த மரியாதையும் ஒரு நாள் போயிற்று. மிராசுதார் ஒருவர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு நெல் கொண்டுவந்திருந்தார். நான் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "இவன் வாய் வெச்சுப் பாத்த நெல்லா எங்க வூட்டு உலைக்கு?" என்று முதலாளியிடம் கேட்டார். கேட்டது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மேஸ்திரி வந்து கடிப்பார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மேஸ்திரி சுடுகிற களத்தின் நடுவில் வந்து நிற்பாரா? வாசற்படியில் நின்றபடியே குனிந்து, சுவரோரம் கிடந்த நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்தார். சுவரில் பட்ட வெயில் திரும்பி அடித்து, அந்த ஓரம் எப்போதும் முதலில் காய்ந்துவிடும். "பதம்" என்றார். நடுவில் ஈரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? கல்யாண அரிசி பாதிக்குப் பாதி நொய்யாக வந்து விழுந்தது.

மிராசுதார் கத்தியதெல்லாம் முதலாளி நம்மிடம் கத்தினார். நமக்குக் காயவைக்கத் தெரியவில்லையாம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். நீ மட்டும், "நெல்லு யாரு வாயில போச்சோ அந்த வாயக் கேளு மொதலாளி" என்றாய். மற்றவர்கள் அவரை, பண்ணையாரைக் கூப்பிடுவதுபோல், "ஆண்டே" என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆண்டேன்றது கழனியோட சரி. இது மில்லு" என்று நீ மட்டும் முதலாளி என்பாய். அன்றைக்கு அதுவும் அவருக்கு உறுத்தியிருக்கும்.

"இந்த அவியல் நெல்லு காஞ்சதும் நீங்க பன்னண்டு பேரும் கெளம்பிடுங்க. ஏனாத்தூர் பக்கத்துலருந்து வேற ஆளு வருது" என்றார்.

மில் வேலை போனால் மறுபடியும் யாராவது ஒரு பண்ணையில் படியாளாகப் போய் நிற்க வேண்டும். அதிலிருந்து வெளியே வர என் அப்பாவால் முடியவில்லை. நான் பாதி வயதில் வந்தேன். என் பிள்ளைகளை மாட்டுக்கொட்டகைக்குத் திருப்பி அனுப்புவதா என்று அன்று முழுவதும் அதே நினைப்பு.

அந்தக் கடைசி அவியல் களத்தில் கிடக்கும்போதுதான் மழை வந்தது. மாசி மாதம், யாரும் மழையை நினைக்கவில்லை. மத்தியானம் காஞ்சிபுரத்துப் பக்கம் வானம் கறுத்தது, காற்று வந்தது, பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்ததை உனக்கு மறைக்கவில்லை. நனையட்டும் என்று நின்றேன். நீ அதற்குள் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தாய்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற?"

"நம்மள போகச் சொன்னவன் நெல்லுதானே அக்கா."

"நெல்லு இன்னாடா பண்ணுச்சு ஒன்ன? அள்ளு."

அள்ளினோம். பன்னிரண்டு கூடைகள் வாசற்படிக்கு வந்துகொண்டே இருந்தன. வாங்குவதற்கு உள்ளே இரண்டு பேர்தான். அவர்கள் ஒரு கூடையைக் கொட்டித் திருப்பித் தருவதற்குள் பின்னால் ஆறு பேர் மழையில் நின்றோம். தலையில் இருந்த நெல் நனைந்து தண்ணீர் முகத்தில் வழிந்தது. நீ வரிசையில் மூன்றாவதாக நின்றாய்.

"நகரு மேஸ்திரி" என்றாய்.

"ஏய், எங்க வர்ற?"

"நெல்லுதான் வருது. நான் அதுக்குக் கீயத்தான் கீறேன்."

சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டினாய். சிமெண்ட் தரையில் உன் ஈரக் கால் பதிந்தது. ஒரு பக்கம் வெள்ளையாக அரிசி குவிந்திருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபக்கம் கூடையைக் கொட்டிவிட்டு நீ வெளியே வந்தாய். உன் பின்னால் ஒவ்வொருவராக நாங்களும் போனோம். மேஸ்திரி ஒதுங்கி நின்றார், வேறு என்ன செய்வார்? நான் உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். கூரை அப்படியேதான் இருந்தது. எஞ்சின் ஓட்டுகிற டிரைவர், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, என்னைப் பார்த்து, "அந்தாண்ட கொட்டு, இங்க கூரை ஒழுகுது" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மழை விட்டதும் முதலாளி நம்மை வெளியே போகச் சொன்னார். தரையைக் கழுவ வேண்டுமாம்.

மறுநாள் காலையில் நல்ல வெயில். உள்ளே கொட்டிய நெல்லை வெளியே எடுத்துப் பரப்ப வேண்டும். ஈர நெல் குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிப் புளித்துவிடும். ஏனாத்தூர் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. நாம் வந்தோம், வாசற்படிக்கு வெளியே வரிசையாக நின்றோம். நீ சொன்னபடிதான்.

"இன்னா நிக்கிறீங்க? எடுத்துக் களத்துல போடுங்க" என்றார் முதலாளி.

நீ கையைக் கட்டிக்கொண்டாய். "உள்ள வரக்கூடாதே மொதலாளி. நேத்து மயையில தெரியாம வந்துட்டோம்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரியும் அந்த இன்னொரு ஆளும் கூடை கூடையாக வாசற்படி வரை தூக்கிவந்து கொடுக்க, நாம் மரியாதையாக வாங்கிக்கொண்டுபோய்ப் பரப்பினோம். குவியலில் ஒரு மூலைகூடக் குறையவில்லை. மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தண்ணி குடிச்சிட்டுத் தூக்கு மேஸ்திரி, அவசரமில்ல" என்று நீ அக்கறையாகச் சொன்னாய். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு அவர்தான், "குவியலுக்குள்ள கைய வுட்டுப் பாருங்க மொதலாளி" என்றார். முதலாளி கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"சரி, வாங்க. வந்து அள்ளுங்க."

நான் காலைத் தூக்கிவிட்டேன். நீ என் தோளைப் பிடித்து நிறுத்தினாய்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கா, எல்லா நாளைக்குமா?"

எனக்குப் பயம். "வுடு அக்கா, கூப்ட்டாரே, போலாம்" என்று முணுமுணுத்தேன். நீ திரும்பாமலே, "நீ சும்மா இரு. ஒன் பல்லுக்குத்தான் பேசிக்கினு கீறேன்" என்றாய். பிறகு முதலாளியிடம் நிதானமாகச் சொன்னாய். "பன்னண்டு பேரும் இருக்கணும். பதம் இவன்தான் பாக்கணும். அரிசி வியும்போது உள்ள நின்னு, கைல வாங்கிப் பாக்கணும். அப்பதான் நொய்யி வராது. இது ஒனக்கும் நல்லது."

முதலாளி குவியலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். புளிப்பு வாடை வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

"எல்லா நாளைக்கும்தான். வாங்க" என்றார்.

நீ முதலில் போவாய் என்று நினைத்தேன். நீ ஒதுங்கி நின்று, "நீ போடா" என்றாய். "நேத்து நாமளா போனோம். இன்னிக்கு அவரு கூப்புடுறாரு."

நான் போனேன். அந்த நெல் மறுபடி காய்ந்து மெஷினில் போனபோது, அரிசி விழுகிற வாயில் என் கையை நீட்டினேன். சூடாக இருந்தது, அப்போதுதான் பிறந்த ஒன்றைப்போல. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். மென்றுகொண்டே நின்றேன். வெளியிலிருந்து நீ, "இன்னாடா, நல்லாக்கீதா, இல்ல முயுங்கிட்டியா?" என்றாய்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அந்த மிராசுதார் நம் மில்லுக்கு அப்புறம் வரவேயில்லை. வேறு இரண்டு பேர் காஞ்சிபுரத்துக்கு நெல் கொண்டுபோனார்கள், ஒருவர் திரும்பி வந்தார். தண்ணீர்ப் பானை இரண்டு வருஷம் தனித்தனியாகவே இருந்தது. உள்ளே அவர்களுடைய பித்தளைத் தவலை, வேப்பமரத்தடியில் நம் மண்பானை. எஞ்சின் சூட்டில் தவலைத் தண்ணீர் வெந்நீர்போல் ஆகிவிடும். ஒரு சித்திரை மத்தியானம் டிரைவர் மரத்தடிக்கு வந்து, நம் பானைத் தண்ணீரைக் கேட்டார். நீ சொம்பில் மொண்டு வைத்துக்கொண்டு, கொடுக்காமல், "ஒரு நாளைக்கா, எல்லா நாளைக்குமா?" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் பாதி சட்டையில் போயிற்று. அதற்குப் பிறகு தவலையை யாரும் தேடவில்லை. மேஸ்திரிகூட வந்தார், கடைசியாக.

பல் ஆட ஆரம்பித்ததும் நான் வேலையை விட்டேன். நீ அதற்கு முன்பே மகனோடு பெருநகருக்குப் போய்விட்டாய். நன்றாக இருக்கிறாய் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்வார்கள். ஒரு முறை வந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

போன மாதம் மில்லுக்குப் போனேன். மகள் வீட்டு நெல் இரண்டு மூட்டை அரைக்க வேண்டியிருந்தது. அரிசி விழுகிற இடத்தில் நம் சேரிப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைக்குத் தாய், சத்தமான குரல். கை நிறைய அரிசியை வாங்கி, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மெஷின்காரரிடம் "தவுடு சரியாப் போவல, இறுக்கு" என்று அதட்டினாள். அவர் இறுக்கினார். நீ மழையில் நின்றது அவளுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவளுக்கு வேலை இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். மூட்டையோடு வந்த நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே போய்வந்த கால்தான். ஆனாலும் அந்த இடம் வந்ததும் தானாக நின்றுவிட்டது. அந்தப் பழக்கம் என்னோடுதான் இருக்கிறது, என்னோடே போகும்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பெரிப்பா, வெயில்ல நின்னுகினு கீற? உள்ள வா" என்றாள்.

போனேன், அக்கா.