சிக்கரி மட்டும் போட்ட டிகாக்‌ஷன்

அப்பா,

இன்று காலை மருமகள் வெறும் சிக்கரிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். தவறுதலாக என்றாள். வெல்லம் கரிந்தது போன்ற அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. எத்தனை வருஷமானாலும் அதனிடமிருந்து எனக்கு விடுதலை இல்லை.

எழுபதுகளில், என் கல்யாணத்துக்கு முன்னால், தெற்கு மாட வீதியில், பின்கட்டுக் குடித்தனத்தில் நீங்களும் நானும் மட்டும் இருந்தோம். கோயில் குளத்தைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று போன நீங்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றீர்கள். நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உங்களுக்காகப் போட்ட பூட்டுக்குள் நானும்தான் இருந்தேன்.

நீங்கள் தூங்குவதே இல்லை என்று டாக்டரிடம் அழுதேன். "ஒரு மாசம் காபியை நிறுத்திப் பாரும்மா" என்றார். காபி இல்லையென்றால் நீங்கள் விடுவீர்களா? காபியின் நிறமும் கசப்பும் இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்காத வெறும் சிக்கரியில் டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, அதே பித்தளை டபராவில் கொடுத்தேன். முதல் வாரம் தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள். பிறகு தூங்கினீர்கள். பகலிலும் தூங்கினீர்கள். விழித்திருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் நிம்மதியாகத் தொடர்கதை படித்தேன். மாதம் முடிந்தது. நான் காபிப்பொடி வாங்கவில்லை.

மறு வருஷம், தன் பேத்திக்குக் காது குத்திய சந்தோஷத்தில் முன்கட்டு மாமி உங்களுக்கு நல்ல காபி கொண்டுவந்தாள். நான் தடுப்பதற்குள் குடித்துவிட்டீர்கள். அரை மணி கழித்து என்னை நேராகப் பார்த்தீர்கள்.

"ஏண்டி, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"விட்டுட்டேம்ப்பா."

"எதுக்கு? என்னாலயா?"

டம்ளரை எடுத்துக்கொண்டு அலம்ப உள்ளே போனேன். மறுநாளும் சிக்கரியைத்தான் இறக்கினேன். அந்தக் கேள்வியை உங்கள் வாயால் இன்னொரு தரம் கேட்க எனக்குத் திராணி இல்லை.

மூளையைப் பற்றிப் படிக்கும் என் பேத்தியிடம் போன வாரம் இதைச் சொன்னேன். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேருமாம். அது உட்காரவே அங்கே இடங்கள் இருக்கின்றனவாம். உட்கார்ந்தால் அசதி, தூக்கம். காபி முந்திக்கொண்டு போய், பஸ்ஸில் துண்டு போடுவது போல, அந்த இடத்தைப் பிடித்துவிடுமாம்.

"மனசு, ஞாபகம், வயசாறது, எல்லாத்துலயும் அந்த இடங்களுக்குப் பங்கு இருக்கு பாட்டி."

"அப்போ நான்தான் அவரைக் கெடுத்தேனா?"

"ஒரு டம்ளர் காபி, போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. அதனால ஒண்ணுமே ஆகலைன்னும் சொல்ல முடியாது."

அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

இப்போது எனக்கே பெயர்கள் மறக்கின்றன. வாசல் கதவில் புதுப் பூட்டு வந்திருக்கிறது. மருமகள் நல்லவள்தான். நானும் நல்லவளாகத்தான் இருந்தேன். இன்று அவள் நீட்டிய டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பிறகு ஒன்றும் கேட்காமல் குடித்தேன், உங்களைப் போலவே.