கண்ணாடி கலந்த எரு

அக்டோபர் 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. குப்பைக் குவியல்கள் மேல் தார்ப்பாய் போட்டும் பயனில்லை. இன்று மூன்று லோடு வரவு: மாமல்லபுரம் விடுதிகளிலிருந்து ஒன்று, கூடுவாஞ்சேரி காய்கறிச் சந்தையிலிருந்து இரண்டு.

பழைய குவியல் நன்றாக மக்கிவிட்டது. சலித்து அனுப்ப வேண்டியதுதான். ஆனால் ஈரத்தில் சின்னக் கண் சல்லடை அடைத்துக்கொள்கிறது.

மேஸ்திரி ஏழுமலை: "ரெண்டு நாளு காயட்டும் பாய். இப்ப சலிச்சா களி மாரி ஒட்டிக்கினு கீது."

கருங்குழி கோவிந்தசாமிக்கு வியாழக்கிழமை நடவு. நம் எருவை நம்பி ஒரு முழு வயலுக்குக் கேட்ட முதல் விவசாயி. இவரை விட்டால் அந்தப் பக்கம் வேறு யாரும் வரமாட்டார்கள். மணல் சலிக்கிற பெரிய கண் சல்லடையை மாட்டச் சொன்னேன்.

"பாட்டில் ஒடசலு வுழும் பாய்."

"உழவுல அமுங்கிடும், போடு."

மாலை லாரி கிளம்பியது. மனைவி ஜமீலாவுக்குத் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 8, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் கோவிந்தசாமி காத்திருக்கிறார். கையில் செய்தித்தாள் பொட்டலம். பிரித்துக் காட்டினார். பழுப்பு பாட்டில் சில்லுகள், பல்பு கண்ணாடி, பாதி வளையல்.

"நேத்து நடவுல ஆறு பொம்பளைங்களுக்குக் காலு கிழிஞ்சி போச்சி. இன்னாத்த அனுப்பின நீ?"

லாரிக்காரன் சலிக்காத குவியலிலிருந்து ஏற்றிவிட்டான் என்றேன். எப்படி அவ்வளவு வேகமாக வந்தது வாயில்? ஏழுமலை பக்கத்திலேயே நின்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்களாம்.

அக்டோபர் 19, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். நாற்றம் அதிகம்.

செங்கல்பட்டு கல்லூரி மாணவர்கள் பார்க்க வந்தார்கள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். குப்பை என்று ஒன்று கிடையாது, இடம் மாறிக் கிடக்கிற பொருள்தான், பட்டணம் கழிப்பதை மண் கேட்கிறது... கை தட்டினார்கள்.

அவர்கள் போனதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோவிந்தசாமி போன் செய்தார். நடவுக்கு வந்த பூங்காவனம் பெரியாஸ்பத்திரியில். கால் கறுத்துப்போயிருக்கிறது. சர்க்கரை இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாதாம்.

அக்டோபர் 23, சனி

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சோறு இறங்கவில்லை. ஜமீலா விடாமல் கேட்டாள். சல்லடை மாற்றியதிலிருந்து எல்லாம் சொன்னேன்.

"லாரிக்காரன் மேல பழி போட்டீங்களா?" என்றாள். அப்புறம், "போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

நாளை போகிறேன், நாளை மறுநாள் போகிறேன் என்று இங்கே இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

அக்டோபர் 26, செவ்வாய்

போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஐம்பது வயது இருக்கும். போர்வை ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. அங்கே பார்க்காமலிருக்க முடியவில்லை.

"யாரு நீ?"

"எரு அனுப்பினவன்மா."

"லாரிக்காரன் மாத்திட்டானாமே."

"இல்ல. நான்தான் பெரிய சல்லடை போடச் சொன்னேன். கண்ணாடி வரும்னு தெரியும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டினால் தேவலாம் என்றிருந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"பொறுக்கினதோட கண்ணாடி தீந்துச்சின்னு களையெடுக்க மத்தவளுங்க எறங்குவாளுங்களே. அவளுங்களான்ட சொன்னியா?"

சொல்லவில்லை.

"அப்ப இங்க இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற? எழுந்து போ. அந்தப் பழத்தையும் எடுத்துக்க."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 27, புதன்

கருங்குழி. முதல் பேருந்து. தூறல்.

நல்லவேளை, இன்னும் யாரும் இறங்கவில்லை. எட்டுப் பேர் வரப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். வயல் முழுக்க இன்னும் கண்ணாடி இருக்கிறது, நான் போடச் சொன்ன சல்லடையால் வந்தது என்று. ஒருத்தி கிட்டே வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரிஞ்சேவா போட்ட?"

"ஆமாம்."

யாரும் இறங்கவில்லை. கோவிந்தசாமி என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வயலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"களை மண்டிக் கீது. இன்னும் நாலு நாளு வுட்டா பயிரே கெடைக்காது. யாரு எறங்குவா? நீ எறங்கு."

இறங்கினேன். ஷூ சேற்றில் மாட்டி இரண்டு நாற்றை மிதித்துவிட்டேன். பெண்கள் கத்தினார்கள். கழற்றி வரப்பில் வைத்தேன். காலால் துழாவி, கண்ணாடி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து வாளியில் போட்டு, களையைப் பிடுங்கி, அடுத்த அடி. மதியத்துக்குள் அரை வாளி நிரம்பிவிட்டது. வயலில் ஒரு மூலைகூட முடியவில்லை. உள்ளங்கையில் ஒரு வெட்டு, குதிகாலில் ஒன்று.

எட்டுப் பேரும் போகாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் காலையில் கேட்ட அதே பெண் குரல் கொடுத்தாள்.

"யோவ் பாய், அது களை இல்ல. பயிரு."