திருத்தி அனுப்பிய கடிதம்

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். அப்பா போய் முப்பத்தொரு நாள் ஆகிறது. நாம் எப்படி இருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

நீ விமானம் ஏறிய பிறகு அவருடைய மேஜை இழுப்பறைகளை ஒழித்தேன். மூக்குக்கண்ணாடிகள் நான்கு, பாலம் கட்டிய காலத்து வரைபடங்கள், காலாவதியான மாத்திரைகள். உன் கடிதம் ஒன்றுகூட இல்லை. என் அலமாரியிலும் இல்லை. எப்படி இருக்கும்? நீ விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து, உன் கடிதம் வந்தால் சிவப்பு மையில் பிழை திருத்தி, என் பதிலோடு உனக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எழுதும் கடிதத்தை சிஸ்டர் திருத்துவார். அதைப் பிரதி எடுத்த பிறகுதான் உறையை ஒட்டலாம். என் அம்மா காலமான வாரம் நான் எழுதிய கடிதத்தில் ஏழு பிழைகள் இருந்தன.

வாராவாரம் போனில் "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்கிறாய். வைத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனக்குக் கடிதம் வேண்டும். கையால் எழுது.

தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "என்னை முறைச்சு என்னம்மா பண்றது? உங்க பொண்ணு எழுதினாத்தானே நான் கொண்டுவர முடியும்? வேணும்னா நானே ஒண்ணு எழுதிப் போடட்டுமா?" என்றார். அவர் கையெழுத்தை ரசீதுகளில் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அழுகை இன்னும் வரவில்லை. நீ கேட்கவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

அம்மா


மார்ச் 16

அம்மாவுக்கு,

இது டைப் அடித்த கடிதம். கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

நீ திருப்பி அனுப்பியவை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நாற்பத்தாறு. விடுதிக் கடிதங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "என்னடி, பரீட்சை பேப்பர் வந்துடுச்சா? இந்த வாட்டி பாஸா?" என்று தோழிகள் சுற்றி நின்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம், ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ஏழாம் மாதமே பிறந்து ஒரே ஒரு நாள் இருந்த என் மகளைப் பற்றி. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பதினொரு பிழை. ஓரத்தில், "பத்தி பிரித்து எழுதவும்." கூட வைத்த தாளில், "கையெழுத்து சாய்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்." வேறு ஒன்றும் இல்லை. கடல் தாண்டி உடனே வர முடியாதுதான். எழுத முடியும்.

அதற்குப் பிறகு போன்தான். ஏன் என்று பதினான்கு வருடமாக நீ கேட்டதில்லை.

சண்டை போட எழுதவில்லை. கோபம் எப்போதோ மரத்துவிட்டது. அந்த ஒரு கடிதத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அது இனி வேண்டாம். கடிதம் வேண்டும் என்றாயே, வைத்துக்கொள்.

மகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

அன்று அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் கை தானாகப் பேனாவைத் தேடியது. பிழை பார்த்துக்கொண்டே போனால் கடைசி வரி வரை போய்விடலாம் என்று தோன்றியது. போனேன். பிறகு உறையில் போட்டு ஒட்டினேன். நியாயம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அப்பா அப்போது பாலம் கட்டும் இடத்தில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்ததும், "பொண்ணு லெட்டர் எங்க?" என்றார்.

"திருப்பி அனுப்பிட்டேன்."

"நான் படிக்க வேணாமா?"

"குழந்தை தங்கலையாம். அவ நல்லாத்தான் இருக்கா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகு நேரம் நின்றார்.

இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: "காது ரெண்டும் அப்படியே அப்பாவோடது, மேல் நுனி மடங்கி. அப்பாகிட்ட சொல்லு." அந்த வரிக்கு மேல் "பேச்சு வழக்கு" என்று குறித்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. பதினான்கு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தினமும் அந்தக் காதுகளைப் பார்த்தேன். சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை நான்கு தாள்களில் எழுதிப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. படித்தால் விடுமுறை விண்ணப்பம் போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தீர்களா? இரண்டு பக்கங்களிலும் தேடினேன், இல்லை. நீ எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல். சொல்ல விருப்பம் இல்லையென்றால் சாப்பாட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியுமே பேசுவோம். தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அம்மா